ஒரு சோபா, இரண்டு நாற்காலி, பிள்ளைகளின் பொம்மைகள்

டெக்சஸ் மாநிலச் சொத்துச் சட்டத்தில் 54ஆம் அத்தியாயம் என்று ஒன்று உண்டு. வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரரின் சாமான்கள் மீது வீட்டுக்காரருக்கு என்ன பிடி இருக்கிறது என்று சொல்கிற அத்தியாயம். சட்டத் தமிழில் பற்றுரிமை என்பார்கள். இங்கே ஹூஸ்டனில் நம்மவர்கள் லீன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். தூக்கம் வராத ராத்திரிகளில் சட்டம் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. என் வீட்டில் இதை ஒரு வியாதியாகத்தான் பார்க்கிறார்கள்.

அந்த அத்தியாயத்தில் ஒரு பட்டியல் வருகிறது. எத்தனை மாத பாக்கி இருந்தாலும் வீட்டுக்காரர் தொடக்கூடாத பொருள்கள் அவை. உடுதுணி. தொழிலுக்கான கருவிகளும் புத்தகங்களும். பள்ளிப் பாடப் புத்தகங்கள். குடும்பத்தின் நூலகம். குடும்பப் படங்கள். ஒரு சோபா, ஹாலில் போடுகிற நாற்காலி இரண்டு, சாப்பாட்டு மேசையும் அதைச் சுற்றியுள்ள நாற்காலிகளும். கட்டில், படுக்கை. சமையலறைச் சாமான். சாப்பாட்டுப் பொருள். மருந்து மாத்திரை. ஒரு கார், ஒரு டிரக். விவசாயக் கருவிகள். பிறகு, பெரியவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தாத குழந்தை விளையாட்டுச் சாமான்கள்.

அந்தப் பொம்மை வரியை இரண்டு தடவை படித்தேன். 'பெரியவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தாத' என்று சேர்த்தவர் யாரோ, உலகம் தெரிந்தவர். நாற்பது வயது ஆள் தன் வீடியோ கேம் பெட்டியைக் காட்டி "இது பிள்ளையோடது சார்" என்று சொல்வதை அவர் மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். டிரக்கை விட்டுவைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. டெக்சஸில் ஒருத்தருடைய டிரக்கில் கை வைக்க வழி செய்துவிட்டு அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டுப் போக முடியுமா?

ஆக, இரண்டாவது சோபா இருந்தால் அது போகலாம். ஹாலின் மூன்றாவது நாற்காலி போகலாம். டிவி, ஸ்பீக்கர், கம்ப்யூட்டர் போகலாம், கம்ப்யூட்டர் தொழிலுக்கானது என்று காட்ட முடியாவிட்டால். அதுவும் வீட்டுக்காரர் நினைத்த மாத்திரத்தில் எடுத்துவிட முடியாது. ஒப்பந்தத்தில் லீன் பற்றிய வரி அடிக்கோடிட்டோ, தடித்த எழுத்தில் கண்ணில் படும்படியோ அச்சாகியிருக்க வேண்டும். பொடி எழுத்தில் நுழைத்திருந்தால் செல்லாது. எடுக்கும்போது அடிதடி, சச்சரவு கூடாது. எடுத்த பிறகு, என்னென்ன எடுத்தோம், பாக்கி எவ்வளவு, யாரைப் பார்த்துப் பணம் கட்டினால் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வீட்டுக்குள் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். விற்பதாக இருந்தால் குறைந்தது 30 நாள் முன்னால் தபாலில் தெரிவிக்க வேண்டும், சாதாரணத் தபாலிலும் ஒன்று, பதிவுத் தபாலிலும் ஒன்று.

எங்களுக்குத் தெரிந்த மதுரைக்காரர் ஒருவர் இங்கே இரட்டை வீடு ஒன்றை வாங்கி இரண்டு பக்கமும் வாடகைக்கு விட்டிருக்கிறார். டூப்ளெக்ஸ் அண்ணன் என்றே பெயர் ஆகிவிட்டது. அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, உங்க அக்ரிமெண்ட்ல இந்த லீன் சமாச்சாரம் இருக்கா?"

"இருக்குப்பா. வக்கீல் எழுதிக் குடுத்தாரு. தடிச்ச எழுத்துல இருக்கும்."

"எப்பயாச்சும் அத வச்சு எதையாவது எடுத்திருக்கீங்களா?"

"எடுத்து? அவங்க சோபாவ நான் எங்க கொண்டு போய்ப் போடுறது? போன தடவ காலி பண்ணிட்டுப் போனவங்க விட்டுட்டுப் போன மெத்தைய அள்ளிட்டுப் போகவே காசு குடுத்துத்தான் ஆள் கூப்பிட்டேன்."

"பின்ன எதுக்கு அந்த வரி?"

"இருக்கட்டுமேப்பா. படிக்கிறவுகளுக்கு ஒரு பயம் இருக்கும்ல."

எனக்குத் தோன்றிக்கொண்டிருந்ததை அண்ணன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஒரு வீட்டின் தட்டுமுட்டுச் சாமானை அள்ளிக்கொண்டு போய் ஏலம் போட்டால் என்ன தேறும்? வண்டிக் கூலிக்கே காணாது. ஆனால் அதே சாமான் சொந்தக்காரருக்கு அப்படி இல்லை. கல்யாண ஆல்பத்தைக் கடைக்காரர் ஒரு ரூபாய்க்கும் வாங்க மாட்டார். அதைத் திரும்ப வாங்க அந்தக் குடும்பம் கடன் வாங்கிக்கொண்டு வரும். சின்ன வயதில் நாம் அடித்த பந்து பக்கத்து வீட்டுக்குள் விழுந்தால் அந்த வீட்டுத் தாத்தா எடுத்து உள்ளே வைத்துக்கொள்வாரே, அந்தக் கணக்குதான். பந்தை வைத்து அவர் விளையாடப் போவதில்லை. இந்த உரிமையை ஈடு என்று சட்டப் புத்தகம் வகைப்படுத்துகிறது. நடைமுறையில் பாதிக்கு மேல் இது பிணைக்கைதி வியாபாரம் என்பது என் கட்சி.

இப்போது மறுபடி அந்தப் பட்டியலைப் பாருங்கள். குடும்பப் படம், பாடப் புத்தகம், மருந்து, பொம்மை. கார், டிரக் நீங்கலாக, ஏலத்தில் விலை போகாத, ஆனால் பிடித்து வைத்துக்கொண்டால் சொந்தக்காரரைக் கதற வைக்கிற பொருள்களாகப் பார்த்து விலக்கியிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது டிவி மாதிரி, விற்றால் நாலு காசு வரக்கூடியவை. விற்று எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள், மிரட்டுவதற்காகப் பிடித்து வைக்காதே என்கிறது சட்டம். அப்படிச் சொன்ன பிறகு அண்ணனுக்கு அதில் அக்கறை போய்விடுகிறது.

இந்த உரிமை அமெரிக்காவில் முளைத்ததில்லை. இங்கிலாந்தில் இதற்கு டிஸ்ட்ரெஸ் என்று பெயர். வாடகையோ குத்தகையோ பாக்கி என்றால் நிலக்காரர் கோர்ட்டுக்கே போகாமல், தானே நேரில் போய்ச் சாமானைப் பிடித்துக்கொள்ளலாம். 1267இல் வந்த மார்ல்பரோ சட்டத்திலேயே இதைப் பற்றி வருகிறது: பாக்கிக்கு மிஞ்சி அள்ளக்கூடாது, பிடித்த மாட்டை வேறு மாவட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போகக்கூடாது என்று. அதிகப்படியாக அள்ளினார்கள், ஓட்டிக்கொண்டும் போனார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது அல்லவா.

என் கட்சிக்கு இங்கேதான் பெரிய ஆதாரம் இருக்கிறது. 1689 வரை, அதாவது நானூறு வருஷத்துக்கும் மேலாக, பிடித்த பொருளை விற்கிற உரிமையே நிலக்காரருக்குக் கிடையாது! மாட்டைப் பிடித்தால் பட்டியில் அடைக்கலாம். ஏர் பூட்டி உழ முடியாது, விற்க முடியாது. குத்தகைக்காரர் பணத்தோடு வரும்வரை வைத்திருக்கலாம், அவ்வளவுதான். 1689இல்தான் ஐந்து நாள் கழித்து விற்கலாம் என்று சட்டம் வந்தது. விற்கவே முடியாத பொருளை நானூறு வருஷம் எதற்காகப் பிடித்தார்கள்?

இதைச் சுற்றி வளர்ந்த விதிகள் படிக்கப் படிக்க ருசி. பிடிப்பது சூரிய உதயத்துக்குப் பிறகு, அஸ்தமனத்துக்கு முன். வாசல் கதவை உடைக்கக் கூடாது, உள்ளே போய்விட்டால் உள்கதவை உடைக்கலாம். தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தியிருக்கிற ஜன்னலைத் திறந்து உள்ளே குதித்தால் தப்பு. பாதி திறந்திருக்கிற ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டு போனால் தப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்துத் தீர்ப்பு எழுதிய விஷயம் இது. ஒருவர் கையில் இருந்து உபயோகத்தில் உள்ள பொருளைப் பிடுங்கக் கூடாது என்பது இன்னொரு விதி. மரம் வெட்டிக்கொண்டிருப்பவர் கையிலிருக்கும் கோடரி, ஒருவர் ஏறி உட்கார்ந்திருக்கும் குதிரை. கோடரியோடு நிற்பவரிடம் போய்க் கோடரியைப் பிடுங்கினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே அந்த விதி.

பிடித்ததை உடனே தூக்கிக்கொண்டு போகாமல், வீட்டுக்குள்ளேயே ஒரு ஆளை உட்கார வைக்கிற வழக்கமும் இருந்தது. சாமான் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள அவர் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, நாள்கணக்கில் இருப்பார். சார்லஸ் டிக்கன்ஸ் தன் ஆரம்ப காலச் சித்திரம் ஒன்றை அப்படிப்பட்ட ஆளை வைத்தே எழுதியிருக்கிறார். கடனுக்காக அப்பா 1824இல் மார்ஷல்சீ சிறைக்குப் போனதைப் பன்னிரண்டு வயதில் பார்த்த பிள்ளை அவர். அந்த ஆள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

குடித்தனக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ராத்திரியோடு ராத்திரியாகச் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். 1737இல் அதற்கும் சட்டம் வந்தது: கடத்திக்கொண்டு போன சாமானை 30 நாள்வரை துரத்திப் பிடிக்கலாம், கடத்தினவரும் உதவினவரும் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். கிளம்புவது நின்றதாகத் தெரியவில்லை. 1919இல் மேரி லாய்ட் பாடிப் பிரபலமான மியூசிக் ஹால் பாட்டு ஒன்று, 'டோன்ட் டில்லி டாலி', இதைப் பற்றியதுதான். வாடகை கட்ட முடியாத குடும்பம் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு நழுவுகிறது. வண்டியில் இடம் இல்லாமல் பெண்டாட்டி கையில் பறவையோடு பின்னால் நடக்கிறாள். நடுவில் ஒரு வாய் குடிக்க ஒதுங்கி வழியைத் தொலைத்துவிடுகிறாள். லண்டனே சேர்ந்து பாடியது என்றால் எத்தனை பேருக்கு அந்த அனுபவம் இருந்திருக்கும்!

இன்னொரு கொடுமை, பிடிக்கிற பொருள் குடித்தனக்காரருடையதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வீட்டுக்குள் இருந்தால் போதும். மாடி அறையில் உள்வாடகைக்கு இருந்தவர் தன் வாடகையை ஒழுங்காகக் கொடுத்திருப்பார், வாங்கினவர் மேலே கொடுத்திருக்க மாட்டார். நிலக்காரர் வந்து உள்வாடகைக்காரரின் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். 1871இல்தான் இதற்குத் தடுப்பு வந்தது. 1888இல் உடுப்பு, படுக்கை, தொழில் கருவிகளில் 5 பவுண்டு பெறுமானம் வரை விட்டுவைக்க வேண்டும் என்றார்கள். 1991இல் இங்கிலாந்தின் சட்ட ஆணையம் இந்த முறையையே ஒழிக்கச் சொன்னது. 2007இல் சட்டம் நிறைவேறி, 2014 ஏப்ரல் 6 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இப்போது அங்கே குடியிருப்புகளில் இது கிடையாது. கடை, அலுவலக வாடகைக்கு மட்டும் கட்டுப்பாடுகளோடு ஒரு புதிய வடிவம் இருக்கிறது.

வெள்ளைக்காரர் இதை நமக்கும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களுக்கும் 1882இல் போட்ட சிறு வழக்கு நீதிமன்றச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயம் முழுக்க டிஸ்ட்ரெஸ்தான். ஒரு பெரிய வித்தியாசம், வீட்டுக்காரர் தானே போய் எடுக்க முடியாது. கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் போட்டு வாரண்ட் வாங்கி, கோர்ட் ஆள் வந்துதான் ஜப்தி செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பழைய பாக்கிக்குக் கிடையாது. மற்றபடி அதே சூரிய உதயம், அதே அஸ்தமனம், கையில் உபயோகத்தில் உள்ள பொருளைத் தொடாதே என்கிற அதே கோடரி விதி. ஜார்ஜ் டவுன் ஒண்டுக்குடித்தனத்துக்கு இங்கிலாந்துக் குதிரைக்காரரின் சலுகை வந்து சேர்ந்த கதை இது. சத்திரத்தில் தங்குகிற விருந்தாளியின் சாமானைத் தொடக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

டெக்சஸ் பட்டியலைப் போல நம்மிடமும் ஒன்று உண்டு. அது வீட்டு வாடகைக்கு என்று தனியாக இல்லை, எந்தக் கடனுக்கும் கோர்ட் ஜப்தி செய்யும்போது பொருந்துவது. 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. கடனாளி, அவர் மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் அத்தியாவசிய உடுப்பு, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது. கைத்தொழில் செய்பவரின் கருவிகளையும், விவசாயி என்றால் ஏர், மாடு, விதைநெல்லையும் தொடக்கூடாது. கூடவே, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. எழுதினவர் எந்தப் பெயரும் சொல்லவில்லை, ஆனால் தமிழ்நாட்டில் அமீனா வாசலில் வந்து நின்றால் முதலில் யார் கை எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். நான் மேலே சொன்ன கணக்குக்குள் தாலி அடங்காது. விற்றால் நல்ல விலை, பிடித்தால் பெரிய பிணை, இரண்டும் அதில் உண்டு. அப்படியும் விலக்கியிருக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டுக்காரர் தானாகப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ள நம் சட்டத்தில் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆவது பிரிவு, கையில் வந்த பொருளைப் பொதுவான பாக்கிக்காகப் பிடித்து வைக்கலாம் என்று வங்கிக்காரர், தரகு வியாபாரி, துறைமுகக் கிடங்குக்காரர், உயர் நீதிமன்ற அட்டர்னி என்று சிலரைப் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வீட்டுக்காரர் அதில் இல்லை. இதையெல்லாம் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் யார் படித்தார்கள்? என் நண்பன் ஒருவன் வேலை தேடிச் சென்னைக்கு வந்து அப்படி ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தான். வாடகை நின்றது. சாயந்திரம் வந்து பார்த்தால் அறைக்கு வேறு பூட்டு. உள்ளே இருந்தது ஒரு பெட்டி, பெட்டிக்குள் பத்தாவதிலிருந்து பட்டம்வரை அத்தனை மார்க் ஷீட்டும். மேனேஜருக்கு அந்தக் காகிதங்களால் எந்தப் பிரயோஜனமும் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். ஊரிலிருந்து அவன் அக்கா வளையலை வைத்துப் பணம் அனுப்பி, பெட்டி வந்தது.

நம் ஊரில் குடும்ப வீடுகளில் இது அதிகம் நடக்காததற்கு வீட்டுக்காரர்களின் கருணை காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகினவர்களுக்குச் சோபா எதற்கு? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால்' என்கிற சந்தில் முழு நகரமும் புகுந்து போய்விட்டது.

டெக்சஸுக்குத் திரும்புகிறேன். இங்கே பழைய சட்டம் இத்தனை நாசூக்காக இல்லை. வாடகை பாக்கி என்றால் உள்ளே போய் எடு, பணம் வரும்வரை வைத்துக்கொள் என்று இருந்தது. ஹூஸ்டனில் ஒரு பெண்மணியின் வீட்டிலிருந்து அப்படி ஒரு டிவியை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் வழக்குப் போட்டார். 1972இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. ஒருவர் பொருளை எடுக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டாமா, உண்மையிலேயே பாக்கி இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா என்பதுதான் கேள்வி. நல்ல தீர்ப்பு. ஆனால் இன்று ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், அதே மாதிரி கோர்ட் பார்க்காமலே எடுக்க வழி இருக்கிறது. அரசு கொடுக்க முடியாமல் போன அதிகாரத்தைக் குடித்தனக்காரரே எழுதிக் கொடுத்துவிடுகிறார். சாவி கையில் வர வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டாக வேண்டும், அதில் எத்தனை பேர் அந்த வரியை அடித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்வார்கள்?

டூப்ளெக்ஸ் அண்ணன் மாதிரி ஆட்கள் லீனைப் பயன்படுத்தாமல் நேராக வெளியேற்ற வழக்குக்குப் போகிறார்கள். அதில் ஜெயித்தால் கான்ஸ்டபிள் வந்து சாமானை வெளியே வைப்பார். அதற்கும் ஒரு விதி: மழையோ பனியோ பெய்துகொண்டிருக்கும்போது வைக்கக் கூடாது. ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் வெயிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வெளியே வைப்பதற்குப் பதில் கிடங்குக்கும் அனுப்பலாம், அப்போது கிடங்குக்காரருக்கு அந்தச் சாமான் மீது லீன் வந்துவிடும். நியூயார்க் மாநிலத்தில் மவுண்ட் வெர்னான் என்ற ஊரில் 1973இல் வெளியேற்றப்பட்ட ஒரு பெண்ணின் சாமான் அப்படிக் கிடங்குக்குப் போனது. கூலியைப் பத்து நாளுக்குள் கட்டு, இல்லாவிட்டால் விற்போம் என்று கடிதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1978இல் 5க்கு 3 என்ற கணக்கில் அவர் தோற்றார். விற்பது தனியார், அரசு இல்லை, ஆகவே அரசியல் சாசனம் இங்கே வராது என்றார்கள்.

இன்று வீட்டை இழக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் சாமானை மாத வாடகைக்குக் கிடைக்கும் ஸ்டோரேஜ் அறையில் கொண்டுபோய்ப் போடுகின்றன. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் வரிசையாக ஷட்டர் போட்ட அந்த அறைகள்தான். அதன் வாடகையும் நின்றால் ஏலம். 2010இலிருந்து இதை வைத்து ஒரு டிவி நிகழ்ச்சியே ஓடியது. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏலம் கேட்பார்கள். நானும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், விறுவிறுப்பாகத்தான் இருந்தது.

டெக்சஸில் அந்த அறைகளுக்கு 59ஆவது அத்தியாயம். அங்கே லீன் 'எல்லாச் சொத்து' மீதும். ஒரு சோபா, இரண்டு நாற்காலி என்ற பேச்சே இல்லை. ஹாலில் மாட்டியிருந்தவரை யாரும் தொட முடியாத குடும்பப் படம், வீடு போய் அட்டைப்பெட்டியில் கட்டி ஷட்டருக்குப் பின்னால் வைத்த அன்றே ஏலத்துக்குரிய பொருளாகிவிடுகிறது. பிள்ளைகளின் பொம்மையும்தான். 54ஐயும் 59ஐயும் எழுதியது ஒரே சட்டசபை.